கடன் முடிந்த பிறகு ஓடும் காடி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. குனோங் ராபாட்டில் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்தேன். என் அக்காள் மகன் வந்து எதிரே உட்கார்ந்தான். கோலாலம்பூரில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை பார்க்கிறான், வயது 28. ஊருக்கு வந்தால் அம்மாவைப் பார்த்துவிட்டு, இங்குள்ள ஹியோங் பியா பிஸ்கட்டில் நாலு பொட்டலம் வாங்கிக்கொண்டு அன்று மாலையே திரும்பிவிடுகிற பிள்ளை. அன்றைக்கு நிதானமாக உட்கார்ந்து தே கேட்டான். ஏதோ விஷயம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

“மாமா, ஒரு ஜாமீன் கையெழுத்து வேணும்.”

புதுக் காடி எடுக்கப் போகிறானாம். கைபேசியில் படம் காட்டினான். உயரமான, அகலமான எஸ்யூவி. முன்பணம் போக 90,000 வெள்ளி கடன், 9 வருடத் தவணை. “மாசம் 1,058 வெள்ளிதான் மாமா” என்றான். அந்தத் ‘தான்’ என் காதில் கொஞ்சம் உறுத்தியது.

“இப்ப ஓட்டுற மைவிக்கு என்ன?”

“அதுக்கு ஒண்ணும் இல்ல மாமா. பழசாயிடுச்சு.”

அந்த மைவி ஆறு வருடத்துக்கு முன் வேலைக்குப் போன கையோடு அவன் எடுத்தது. ஐந்து வருடக் கடன் போன வருடம்தான் முடிந்தது. பட்டறையில் நின்ற நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். “ஒண்ணும் இல்ல” என்பதும் “பழசாயிடுச்சு” என்பதும் ஒரே வாயிலிருந்து, ஒரே மூச்சில் எப்படி வருகின்றன? ஒரு வாரம் பொறுத்துச் சொல்கிறேன் என்று பாரத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். அன்று முழுக்க என் மனதில் ஓடியது அவனுடைய புதுக் காடி இல்லை. நான் ஒருநாளும் ஏறியிராத பழைய அமெரிக்கக் கார் ஒன்று: இம்பாலா.

எழுபதுகளில் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டுவார்கள். பணக்காரர் வீடு என்றால் மாடிப்படி இருக்கும், வாசலில் படகு போல ஒரு நீளக் கார் வந்து நிற்கும். அது என்ன கார் என்று யாருக்குத் தெரியும்? நீளமாக இருந்தால் எங்களுக்கு அது இம்பாலா. லயத்தில் எவனாவது பந்தா காட்டினால், “இவரு பெரிய இம்பாலாவுல வந்து இறங்கினவரு” என்பார்கள். சொன்னவரும் பார்த்ததில்லை, கேட்டவரும் பார்த்ததில்லை.

பார்க்காததற்குக் காரணம் இருந்தது. துரைமாரின் கார்கள் பெரும்பாலும் மோரிஸ், ஆஸ்டின் என்று பிரிட்டிஷ் வண்டிகள். வெள்ளைக்காரன் ஆட்சியில், சாம்ராஜ்யத்துக்குள் செய்த பொருளுக்கு வரிச் சலுகை உண்டு. அமெரிக்காவில் செய்து வருவதற்கு அது கிடையாது. இதற்கு அமெரிக்க நிறுவனங்கள் கண்டுபிடித்த வழி கனடா, ஏனென்றால் கனடா சாம்ராஜ்யத்தில் சேர்ந்தது. 1926-ல் சிங்கப்பூரில் தொடங்கிய மலாயா போர்டு நிறுவனமே கனடா போர்டின் பிள்ளைதான். அது புக்கிட் தீமாவில் கட்டிய தொழிற்சாலையில்தான் 1942 பிப்ரவரி 15-ல் ஜெனரல் பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யாமாஷித்தாவிடம் சரணடைந்தார். நம்மைப் போல இடப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளுக்காகப் பிற்காலத்தில் வலப்பக்கம் ஸ்டீரிங் வைத்த இம்பாலாக்களைச் செய்து அனுப்பியதும் கனடாவின் ஒஷாவா ஆலைதான். அப்படி வந்தாலும் அதன் விலை துரைக்கும் எட்டாது. கிராணிக்கு எங்கே எட்டும்?

ஆனால் இம்பாலா நம் கைக்கு எட்டாவிட்டாலும், அதை விற்ற வித்தை நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது. அந்த வித்தை பிறந்த கதையை இந்தக் காலத்துப் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் ஹென்றி போர்டு. 1908-ல் அவர் கொண்டுவந்த மாடல் டி 1927 வரை ஓடியது. மொத்தம் ஒன்றரைக் கோடி கார்கள். விலையைக் குறைப்பார், உறுதியைக் கூட்டுவார், தோற்றத்தை மட்டும் பெரிதாக மாற்ற மாட்டார். கடனுக்குக் கார் வாங்குவது அவருக்குப் பிடிக்காது. காசில்லாதவர்களுக்காக 1923-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார். வாரம் 5 டாலர் கட்டிக்கொண்டே வர வேண்டும். முழுத் தொகையும் சேர்ந்த பிறகு காரை எடுத்துப் போகலாம். நம் வீட்டு உண்டியல் மாதிரிதான்.

போட்டி நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் நேர்மாறாக யோசித்தது. 1919-லேயே கார்க் கடன் கொடுப்பதற்கென்று தனி நிறுவனம் தொடங்கிவிட்டது. காரை இன்றைக்கே ஓட்டிப் போ, பணத்தை மாதாமாதம் கட்டு. மக்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

1923-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவரான ஆல்பிரட் ஸ்லோன் இன்னும் இரண்டு காரியங்கள் செய்தார். ஒன்று, கார்களைப் படிக்கட்டாக அடுக்கினார். கீழ்ப்படியில் செவர்லே, உச்சியில் கெடிலாக், நடுவில் போன்டியாக், ஓல்ட்ஸ்மொபில், பியூக். வருமானம் ஏற ஏறப் படி ஏற வேண்டும். இரண்டு, வருடாவருடம் தோற்றத்தை மாற்றினார். 1927-ல் ஹார்லி ஏர்ல் என்பவரை வைத்துக் காரின் வடிவத்துக்கும் வண்ணத்துக்கும் தனிப் பிரிவே தொடங்கினார்கள். இயந்திரம் அதேதானா, வேறா என்பது இரண்டாம் பட்சம். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தவுடன், “ஓ, இது போன வருஷத்து வண்டி” என்று கண்டுபிடிக்க வேண்டும். வித்தையின் உயிர் அங்கேதான் இருந்தது. ஓடுகிற காரை ஓடாத காராக்க முடியாது. ஆனால் ஓடுகிற காரைப் பழசாக்க முடியும்.

இந்த வித்தை முழுதாக விளைந்த வயல்தான் இம்பாலா. 1958, ஜெனரல் மோட்டார்ஸின் 50-ஆம் ஆண்டு. செவர்லேயின் பெல் ஏர் வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலான வகையாக இம்பாலா வந்தது. ஆப்பிரிக்கக் காட்டில் துள்ளி ஓடும் ஒரு மான் இனத்தின் பெயர் அது. பின்பக்கம் பக்கத்துக்கு மூன்றாக ஆறு வட்ட விளக்குகள். கீழ்ப்படிக் காரிலேயே மேல்படியின் வாசனையைத் தெளித்தது மாதிரி.

அந்த 1958 உடல்வாகு எத்தனை வருடம் இருந்தது தெரியுமா? ஒரே வருடம். 1959-ல் இம்பாலா தனி வரிசையானது, தோற்றமும் அடியோடு மாறியது. பின்னால் வௌவால் சிறகு போலப் படுத்துக்கிடக்கும் இரண்டு இறக்கைகள், அதன் கீழே கண்ணீர்த்துளி போல விளக்குகள். நீளம் ஏறக்குறைய 5.3 மீட்டர், அகலம் இரண்டு மீட்டர். இன்றைய தாமான் வீட்டுப் போர்ச்சில் அதை நிறுத்தினால் கேட்டைச் சாத்த முடியாது. 1960-ல் அந்த இறக்கைகள் அடங்கின, வட்ட விளக்குகள் திரும்பி வந்தன. 1961-ல் மறுபடியும் புது உடல், இறக்கையே இல்லை. 1958-ல் வாங்கியவருடைய கார் நாலாவது வருடத்தில் பாட்டி காலத்து வண்டியாகிவிட்டது. ஆனால் அந்த இறக்கை வளர்ந்ததாலோ வெட்டப்பட்டதாலோ யாரும் ஒரு நிமிடம் முன்னதாக வேலைக்குப் போய்ச் சேரவில்லை.

வியாபாரம் மட்டும் கொழித்தது. 1965-ல் அமெரிக்காவில் ஒரே வருடத்தில் 10 லட்சத்துக்கும் மேல் இம்பாலா விற்றது. ஆனால் படிக்கட்டின் விதி அதே வருடம் இம்பாலாவையும் பிடித்தது. எல்லார் வீட்டிலும் இம்பாலா நின்றால் அதில் என்ன பெருமை? அதே 1965-ல் இம்பாலாவுக்கு மேலே ‘கப்ரீஸ்’ என்று ஒரு புதுப் படி வைத்தார்கள். நேற்று வரை உச்சியில் இருந்த பெயர் இன்று நடுப்படி. எங்கள் தோட்டத்தில் பணக்காரத்தனத்துக்கு அளவுகோலாக இருந்த இம்பாலா, அது பிறந்த ஊரில் அதற்கு முன்பே சாதாரணக் குடும்ப வண்டியாகிவிட்டிருந்தது.

பிறகு 1973. அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பெட்ரோல் நிலையங்களில் வரிசை நீண்டது. எட்டு சிலிண்டர் இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றிக் கட்டுப்படியாகவில்லை. 1977-ல் இம்பாலாவைச் சுருக்கினார்கள். நீளம் குறைந்தது, எடையில் ஏறக்குறைய 300 கிலோ இறங்கியது. இதில் வேடிக்கை என்னவென்றால், உள்ளே உட்காரும் இடம் அதனால் குறுகிவிடவில்லை. இத்தனை வருடம் சுமந்துகொண்டிருந்த அந்த அதிக நீளம் யாருக்காக என்று நீங்களே சொல்லுங்கள். கடைசிக் காலத்தில் இம்பாலா போலீஸ் வண்டியாகவும் டாக்சியாகவும் ஓடிக்கொண்டிருந்தது. 1985 மாடலோடு அந்த வரிசையை நிறுத்திவிட்டார்கள்.

1985 என்றதும் மலேசியர்களான நமக்கு வேறொன்று ஞாபகம் வர வேண்டும். அந்த வருடம் ஜூலை 9-ல்தான் புரோட்டோன் சாகா வெளியானது. 1983 மே மாதம் தொடங்கிய நிறுவனம். மிட்சுபிஷி துணையோடு, அவர்களுடைய லான்சர் பியோரே காரை அடிப்படையாகக் கொண்டு ஷா ஆலாமில் செய்தார்கள். அந்த ஆண்டு பினாங்குப் பாலத்தைத் திறந்து வைத்த பிரதமர் மகாதீர், சிவப்பு சாகாவை ஓட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தார். பெயரை ஒரு போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். இஸ்மாயில் ஜாபார் என்ற முன்னாள் ராணுவ வீரர் சொன்ன பெயர் வென்றது. சாகா என்பது மலாயில் ஒரு மரத்தின் சிவப்பு விதை. நாம் மஞ்சாடி என்போம். குண்டுமணியையும் மஞ்சாடியையும் வைத்துப் பொன் நிறுத்த பரம்பரை நம்முடையது.

ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பெயருக்கு வேறு அர்த்தம் இருந்தது. தோட்டத்து லாரி ஓட்டியவர் என் அப்பா. தோட்டத்தை விட்டு குனோங் ராபாட்டுக்குக் குடிவந்த பிறகு, 1990-ல் ஒரு பழைய சாகாவை எடுத்தார். ஆமாம், அவரும் கடனில்தான் எடுத்தார். மாதம் 300 வெள்ளி, ஐந்து வருடம். கல்லுமலைக் கோயிலில் பூசை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி வீட்டுக்கு ஓட்டி வந்தார். “பேரைப் பார்த்தியா? சாகா! இது சாகாதுடா” என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிலேடையை அடுத்த இருபது வருடம், வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். யாரும் அலுத்துக்கொள்ள முடியாது. அப்பா ஆயிற்றே.

1995-ல் கடன் முடிந்தது. அந்தக் காடி 2009 வரை எங்களிடம் ஓடியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கடன் முடிந்த பிறகு 14 வருடம், அதாவது 168 மாதம். மாதம் 300 வெள்ளி என்றால் 50,400 வெள்ளி எங்கள் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. கிளட்ச், ரேடியேட்டர், பேட்டரி, டயர் என்று ஒரு பகுதி பட்டறைக்குப் போனது உண்மைதான். மீதி? அக்காள் கல்யாணத்தில் கொஞ்சம், தம்பியின் படிப்பில் பெரும்பங்கு. அந்தப் பதினான்கு வருடத்தில்தான் எங்கள் குடும்பம் மூச்சு விட்டது.

சாகாவால் அப்படி ஓட முடிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1985-ல் வந்த அந்த உடல், 1992-ல் இஸ்வாரா என்று முகம் திருத்தப்பட்டு, இன்னும் சில ஒப்பனைகளோடு, 2008 ஜனவரியில் இரண்டாம் தலைமுறை வரும் வரை அடிப்படையில் அப்படியே இருந்தது. 23 வருடம்! “இவர்களுக்கு வேறு கார் செய்யத் தெரியாதா?” என்று அப்போது நாமெல்லோரும் கேலி பேசினோம். ஆனால் எந்த ஊர்ப் பட்டறையிலும் அதன் உறுப்புகள் கிடைத்தன. எந்தப் பையனும் கண்ணை மூடிக்கொண்டு பழுது பார்த்தான். டாக்சிக்காரர்கள் சோறு சாப்பிட்டார்கள். முகம் மாறாததால் அப்பாவின் வண்டியை யாரும் “போன வருஷத்து வண்டி” என்று சொல்ல முடியவில்லை. எல்லா வருடத்து வண்டியும் அதே வண்டிதானே!

இம்பாலாவின் மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். செத்த பெயருக்கு இரண்டு முறை உயிர் கொடுத்துப் பார்த்தார்கள். 1994 முதல் 1996 வரை வேக வண்டியாக. பிறகு 2000 மாடலில், முன்சக்கரம் இழுக்கும் சாதாரண சலூனாக. அப்படி வந்தவற்றில் ஏராளமானவை வாடகைக் கார் நிறுவனங்களுக்குப் போயின. வேடிக்கை என்னவென்றால், கடைசித் தலைமுறை உண்மையிலேயே நல்ல கார். 2013-ல் அமெரிக்காவின் நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் சலூன் வகையில் அதை முதலிடத்தில் வைத்தது. ஓர் அமெரிக்கக் கார் அந்த இடத்தைப் பிடித்து இருபது வருடம் ஆகியிருந்தது. ஆனால் அதற்குள் வாங்குகிறவர்கள் அடுத்த படிக்குப் போய்விட்டார்கள். பெரிய சலூன் பழசு, எஸ்யூவி புதுசு. 2020 பிப்ரவரி 27-ல் டெட்ராய்ட்-ஹாம்ட்ரமிக் ஆலையில் கடைசி இம்பாலா வெளியே வந்தது. எந்த வித்தையால் அது வளர்ந்ததோ, அதே வித்தைதான் அதைக் கொன்றது. ஓடுவதற்கு ஒன்றும் இல்லை, பழசாகிவிட்டது. என் அக்காள் மகன் மைவியைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே ஒட்டுக்கடை. இந்தக் கதையெல்லாம் அவனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். கணக்காய்வுப் படிப்பு படித்த பிள்ளை, சும்மா விடுவானா?

“மாமா, உங்க பழைய சாகாவுல ஏர்பேக் கூட இல்ல. புதுக் காடியில உயிருக்குப் பாதுகாப்பு அதிகம். அதுவும் வெறும் வித்தையா?”

நியாயமான கேள்வி. அவன் பக்கத்துச் சாட்சியை நானே எடுத்துக் கொடுத்தேன். 2009-ல் அமெரிக்காவில், காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகம் தன் 50-ஆம் ஆண்டுக்கு ஒரு சோதனை செய்தது. 1959 செவர்லே பெல் ஏர் ஒன்றையும் 2009 செவர்லே மாலிபு ஒன்றையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். பெல் ஏர் என்றால் அந்த வருடத்து இம்பாலாவின் கூடப்பிறப்பு. இரண்டுக்கும் உடல் ஒன்றே. பார்த்தால் இரும்புக் கோட்டை மாதிரி இருக்கும். மோதிய பிறகு, பழைய காரின் ஓட்டுநர் பொம்மை நிஜ மனிதனாக இருந்திருந்தால் பிழைத்திருக்க முடியாது என்றார்கள். புதுக் காரில் இருந்தவருக்குக் காலில் அடி, அவ்வளவுதான்.

“ஆகவே தம்பி, எல்லா மாற்றமும் வித்தை இல்லை. உயிரைக் காப்பாத்துற மாற்றம் வேற, வாலில் இறக்கை முளைக்கிற மாற்றம் வேற. என் அப்பாவின் சாகாவை இன்றைக்கு ஓட்டு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனா உன் மைவியில ஏர்பேக் இருக்கா, இல்லையா?”

“இருக்கு மாமா.”

“பிரேக்?”

“எல்லாம் நல்லா இருக்கு மாமா” என்று சிரித்துவிட்டான்.

பிறகு கடைக்காரரிடம் ஒரு தாள் வாங்கிக் கணக்குப் போட்டோம். 90,000 வெள்ளி கடன். வருடத்துக்கு மூன்று விழுக்காடு நிலை வட்டி என்று வைத்துக்கொள்வோம். நிலை வட்டி என்றால், கடன் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முதல் நாள் தொகைக்கே போடப்படும். 9 வருடத்துக்கு 24,300 வெள்ளி. மொத்தம் 1,14,300. அதை 108 மாதத்தால் வகுத்தால்தான் அந்த ‘1,058 வெள்ளிதான்’. குறையும் கடனுக்கு மட்டும் வட்டி என்று கணக்கிட்டால் அந்த மூன்று விழுக்காடு உண்மையில் ஏறக்குறைய ஐந்தரை விழுக்காடு. அதே கடனை 5 வருடத்தில் கட்டினால் வட்டி 13,500, ஆனால் மாதம் 1,725. அது அவன் சம்பளத்தில் முடியாது. முடியாததை முடிகிற மாதிரிக் காட்டுவதற்குத்தான் 9 வருடம். வாகனக் கடனுக்கு நம் நாட்டில் உச்சவரம்பே அந்த 9 வருடம்தான்.

“வட்டியைக் கூட விடு. நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணு. கடன் முடியும்போது உனக்கு என்ன வயசு?”

“முப்பத்தேழு.”

“முடிஞ்ச பிறகு அந்தக் காடியை எத்தனை வருஷம் ஓட்டுவே?”

பதில் சொல்லாமல் தே கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தான். மைவிக்குக் கடன் முடிந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அந்த ஒரு வருடத்துக்குள்ளேயே அது பழசாகிவிட்டது. அடுத்ததும் அப்படித்தான் ஆகும் என்று அவனுக்கே தெரிந்திருக்கும்.

நாம் காடி வாங்கும்போது விலையைப் பார்க்கிறோம், முன்பணத்தைப் பார்க்கிறோம், மாதத் தவணையைப் பார்க்கிறோம். கடன் முடிந்த பிறகு அது நமக்காக எத்தனை வருடம் ஓடும் என்பதை யாரும் கேட்பதில்லை. ஆனால் ஒரு குடும்பத்துக்குக் காடியால் கிடைக்கிற லாபமெல்லாம் அந்த வருடங்களில்தான் இருக்கிறது. கடன் ஓடுகிற வரை காடி நம்மிடம் இருந்தாலும் ஒரு சாவி வங்கியிடம் இருக்கிற மாதிரிதான். அது முடிந்து, கதவைத் திறந்து உட்காரும் அந்த முதல் நாளில்தான் அது நம் காடி. இம்பாலாவை வருடாவருடம் மாற்றியவர்கள் நம்மிடமிருந்து பறிக்க நினைத்தது சரியாக அந்த வருடங்களைத்தான்.

ஒரு வாரம் கழித்து அவனே அழைத்தான். எக்செலில் ஏதோ கணக்குப் போட்டிருக்கிறானாம். இன்னும் நாலு வருடம் மைவியையே ஓட்டுவதாகவும், மாதம் 1,000 வெள்ளியைத் தனிக் கணக்கில் போடுவதாகவும், அப்போது 48,000 வெள்ளி கையில் இருக்கும் என்றும் சொன்னான். அதன் பிறகு பாதிக் கடனோடு ஏதாவது பார்க்கலாமாம். ஹென்றி போர்டு 1923-ல் கொண்டுவந்து தோற்றுப்போன திட்டத்தை என் மருமகன் தானாகவே கண்டுபிடித்திருக்கிறான்!

“ஆனா மாமா, நாலு வருஷம் முழுசாத் தாக்குப் பிடிப்பேனான்னு எனக்கே தெரியல” என்றும் சொன்னான். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

அக்காளுக்குத்தான் கோபம். “பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டான். ஒரு கையெழுத்துப் போட உனக்கு வலிக்குதா?” என்றாள். கையெழுத்து வலிக்கவில்லை அக்கா. அவன் கட்டத் தவறினால் என் தலையில் விழும் என்ற பயம் கொஞ்சம் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதைவிட வேறொன்று இருந்தது. 1997-ல் ஓர் இரவு உனக்கு வலி எடுத்தபோது, அப்பா உன்னை ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது கடன் முடிந்த சாகாவில்தான். மூன்றாம் நாள் இந்தப் பிள்ளையைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வந்ததும் அதே காடியில்தான். அந்த மாதம் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அப்பா யாரிடமும் கை நீட்டவில்லை. ஏன் என்று அப்போது நாம் இருவருமே கேட்கவில்லை.

இதை அவளிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. அன்று இரவு மீன்குழம்பு கொடுத்தனுப்பினாள். எங்கள் வீட்டில் அதுதான் சமாதானம்.

ஜாமீன் பாரம் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. கிழித்துப் போடவில்லை. நாலு வருடம் கழித்து அவன் வேறொரு பாரம் கொண்டு வந்தால், தேதியை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதாக இருக்கிறேன்.